வானுயர்ந்த கோபுரங்களும் ஹாஜிகளின் கூடாரமும்: பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்

சவூதி அரேபியாவின் ஜித்தா நகருக்கு வடக்கே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டி முடிக்கப்படும்போது அதன் உயரம் 1000 மீட்டரைத் தாண்டும். மனிதன் கட்டிய கட்டடம் ஒன்று ஒரு கிலோமீட்டர் உயரத்தைக் கடப்பது அதுவே முதல் முறையாக இருக்கும். 2013ல் தொடங்கிய பணி 2018ல் பாதியில் நின்றது. 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. அதன் உயரத்தைப் பற்றியும், மூன்று இதழ்கள் விரிந்தது போன்ற அதன் அமைப்பைப் பற்றியும் உலகமெங்கும் செய்திகள் வருகின்றன.

அதே ஜித்தாவில் இன்னொரு கட்டுமானம் இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களில் ஏராளமானோர் அதன் நிழலில் அமர்ந்திருப்பார்கள். மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்தின் ஹஜ் முனையம். வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக விரிந்து கிடக்கும் அந்த இடத்தில், இஹ்ராம் உடையில் களைப்போடு அமர்ந்து, மக்காவுக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்த நேரத்தில், தலைக்கு மேலே விரிந்திருந்த அந்தக் கூடாரத்தை யார் வடிவமைத்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

வானுயர்ந்த கோபுரங்களையும் இந்தக் கூடாரத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கை இணைக்கிறது. அவர் பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டாக்காவில் பிறந்தார். சிகாகோவில் வாழ்ந்தார். 1982 மார்ச் 27 அன்று இதே ஜித்தா நகரில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. இன்று எங்கு ஓர் உயரமான கட்டடம் எழுந்தாலும், அவர் கற்றுத்தந்த பாடம் ஏதேனும் ஒரு வகையில் அதில் இருக்கும்.

கணக்கு ஆசிரியரின் மகன்

1929 ஏப்ரல் 3ஆம் நாள், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் டாக்காவில் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் பிறந்தார். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர். பின்னர் கல்வித்துறையில் உயர் பொறுப்புகளுக்கு வந்து, கான் பகதூர் பட்டம் பெற்றவர். தாயார் கதீஜா காத்தூன். குடும்பத்தின் பூர்வீகம் ஃபரீத்பூர் பகுதியின் ஒரு கிராமம். ஆறுகளும் வெள்ளமும் மூங்கில் தோப்புகளும் நிறைந்த கிழக்கு வங்காளம் அது.

மகன் பள்ளியிலிருந்து கணக்குப் பாடத்தோடு வந்தால், தந்தை விடையை மட்டும் பார்த்துவிட்டு விடுவதில்லை. அதே கணக்கை வேறு வழியில் யோசித்துப் பார்க்கச் சொல்வார். ஒரு கேள்விக்கு ஒரே வழிதான் என்று நினைத்துவிடாமல், மாற்று வழியைத் தேடும் பழக்கம் அந்த வீட்டில் உருவானது. பிற்காலத்தில் உலகின் உயரமான கட்டடங்களின் வடிவத்தையே மாற்றியது இந்தப் பழக்கம்தான்.

டாக்காவின் ஆர்மானிடோலா அரசு உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த அவருக்கு இயற்பியல் மீது ஆர்வம் இருந்தது. தந்தையோ பொறியியலைப் பரிந்துரைத்தார். மகன் கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் உள்ள வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் நாடு பிரிந்தது. 1950ல் வகுப்புக் கலவரம் வெடித்தபோது, அவர் கல்கத்தாவை விட்டு டாக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. படிப்பு முடியும் தறுவாயில் கல்லூரியை இழந்த அந்த இளைஞர், டாக்காவின் அஹ்ஸனுல்லா பொறியியல் கல்லூரியில் அதை முடித்தார். முதல் வகுப்பில் தேறினார். அங்கேயே ஆசிரியராகவும் ஆனார். அந்தக் கல்லூரிதான் இன்று பங்களாதேஷ் பொறியியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது.

1952ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையும் பாகிஸ்தான் அரசின் உதவித்தொகையும் கிடைத்தன. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் கட்டமைப்புப் பொறியியலில் முனைவர் பட்டத்தையும் பெற்றார். 1955ல் சிகாகோவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

படித்து முடித்ததும் வெளிநாட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1957ல் தாய்நாட்டுக்குத் திரும்பி, கராச்சி வளர்ச்சி ஆணையத்தில் பணியாற்றினார். ஆனால் அங்கே கிடைத்தது பெரும்பாலும் நிர்வாக வேலை. கற்ற கல்வியைப் பயன்படுத்த வழி இல்லாமல் போனது. 1960ல் மீண்டும் சிகாகோவின் அதே நிறுவனத்துக்கே திரும்பினார். திறமையுள்ள ஒரு பிள்ளைக்குத் தகுந்த வேலையைக் கொடுக்க முடியாத நாடு அவனை இழக்கும். நம் சமுதாய நிறுவனங்களும் அவ்வப்போது நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

காற்றுதான் பிரச்சினை

அவர் செய்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, ஓர் உயரமான கட்டடத்துக்கு என்ன சிக்கல் வருகிறது என்று தெரிய வேண்டும்.

நாம் நினைப்பது போல் எடை மட்டுமே அதன் சிக்கல் அல்ல. எடை கீழ்நோக்கி இறங்குகிறது. அதைத் தாங்கத் தூண்களைப் போதுமான அளவு தடிமனாக்கினால் போதும். உண்மையான எதிரி காற்று. கட்டடத்தின் உயரத்தை இரு மடங்காக்கினால், காற்று அதன் அடிப்பகுதியை வளைக்க முயலும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. உச்சி அசையும் அளவோ அதைவிட வேகமாகப் பெருகுகிறது. கட்டடம் விழாமல் நின்றால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் மனிதருக்குத் தலைசுற்றக் கூடாது, சுவரில் விரிசல் விழக் கூடாது, லிஃப்ட் தடையின்றி ஓட வேண்டும்.

1931ல் நியூயார்க்கில் கட்டப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் 381 மீட்டர் உயரம் கொண்டது. அந்தக் காலத்து முறைப்படி, கட்டடத்தின் உள்ளே எங்கும் தூண்களையும் விட்டங்களையும் நெருக்கமாக வைத்து, எஃகை அள்ளிப் போட்டுக் காற்றைச் சமாளித்தார்கள். அதில் தளப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 206 கிலோ எஃகு செலவானது. அந்த முறையில் இன்னும் உயரமாகக் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் பல பத்தாண்டுகள் யாரும் அந்த உயரத்தைத் தாண்ட முனையவில்லை.

கான் அதே கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்தார். தூண்களை உள்ளே சிதறடிப்பதற்குப் பதிலாக, கட்டடத்தின் வெளிச்சுவருக்கே கொண்டு போனால் என்ன? வெளிப்புறத்தில் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு தளத்திலும் வலுவான விட்டங்களால் இணைத்துவிட்டால், முழுக் கட்டடமும் ஒரு குழாய் போல் ஆகிவிடும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தக் குழாய் முழுவதும் சேர்ந்து எதிர்த்து நிற்கும்.

மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மூங்கில் உள்ளே வெற்றிடம். அதன் பலமெல்லாம் வெளிச்சுற்றில்தான் இருக்கிறது. அதே எடையுள்ள கெட்டிக் குச்சியைவிட மூங்கில் நன்றாகக் காற்றைத் தாங்கும். அல்லாஹ் படைத்த இயற்கையில் கண்முன்னே இருந்த ஒரு விதியைக் கான் எஃகிலும் கான்கிரீட்டிலும் பயன்படுத்தினார்.

1960களின் நடுவில் சிகாகோவில் எழுந்த டிவிட் செஸ்ட்நட் என்ற 43 மாடிக் குடியிருப்பு இந்தக் குழாய் முறையில் கட்டப்பட்ட முதல் கட்டடம். அடுத்து, குழாய்க்குள் குழாய் என்ற முறையில் சிகாகோவில் பிரன்ஸ்விக் கட்டடமும், ஹூஸ்டனில் 50 மாடி கொண்ட ஒன் ஷெல் பிளாசாவும் வந்தன. ஹூஸ்டன் கட்டடம் 1971ல் முடிந்தபோது, கான்கிரீட்டால் கட்டப்பட்டவற்றில் உலகிலேயே உயரமானதாக இருந்தது.

நூறு மாடியும் ஒரு சோதனையும்

கானின் பெயரை உலகறியச் செய்தது சிகாகோவின் ஜான் ஹான்காக் சென்டர். 100 மாடிகள், 344 மீட்டர் உயரம். கீழே கடைகளும் வாகன நிறுத்தமும், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். கட்டடக்கலைஞர் புரூஸ் கிரஹாம் வடிவத்தைக் கவனிக்க, கான் கட்டமைப்பைக் கவனித்தார். இருவரும் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து மேசை போல் இணைந்து வேலை செய்தவர்கள். இந்தியாவில் பிறந்த பொறியாளர் சீனிவாச ஐயங்காரும் கானின் குழுவில் முக்கியமானவர்.

இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பெரிய பெரிய எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டங்களைக் கான் வைத்தார். கட்டடம் மேலே போகப் போகக் குறுகிச் செல்லும். குறுக்குச் சட்டங்கள் காற்றின் விசையையும் எடையையும் வெளித்தூண்களுக்குள் சமமாகப் பகிர்ந்து அளித்தன. பலன் என்ன? ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 145 கிலோ எஃகு மட்டுமே தேவைப்பட்டது. எம்பயர் ஸ்டேட்டின் 206 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய முப்பது சதவீதம் மிச்சம்.

உச்சி மாடிகளில் குடியிருப்பவர்களுக்கு அசைவு எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கு அப்போது தெளிவான அளவு எதுவும் இல்லை. சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை விளக்குவதற்காக வைக்கப்பட்டிருந்த ஒரு சுழலும் மேடையைக் கான் பயன்படுத்திக்கொண்டார். அதில் ஆட்களை நிற்கவும், உட்காரவும், படுக்கவும் வைத்து, எந்த அளவு அசைவை அவர்கள் உணர்கிறார்கள் என்று சோதித்தார். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் தூங்கப்போவது மனிதன் என்பதை அவர் மறக்கவில்லை.

கட்டுமானத்தின்போது ஒரு பெரும் சோதனையும் வந்தது. அடித்தளத் தூண் ஒன்று இறங்குவது கண்டுபிடிக்கப்பட்டது. தோண்டி ஆராய்ந்தபோது, கான்கிரீட் நிரம்பியிருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருந்தது. வேலை நிறுத்தப்பட்டது. மற்ற அடித்தளத் தூண்களும் சோதிக்கப்பட்டன. மாதக்கணக்கில் காலம் போனது. திட்டத்தைத் தொடங்கியவர் பண நெருக்கடியில் சிக்கி அதைக் கைவிட நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்றுக் கட்டி முடித்தது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் குறையை யாரும் பார்க்கப் போவதில்லை என்று மூடிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமானிதம் என்பது பணப்பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. யார் கண்ணுக்கும் தெரியாத அஸ்திவாரமும் அமானிதம்தான்.

1969ல் கட்டடம் முடிந்தது. இன்றும் சிகாகோ நகரின் அடையாளங்களில் ஒன்றாக அது நிற்கிறது.

ஒன்பது குழாய்கள்

அடுத்து வந்தது சியர்ஸ் டவர். சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்காக 1970ல் பணி தொடங்கியது. இதற்கும் கிரஹாமும் கானும்தான். கைநிறையச் சிகரெட்டுகளை ஒன்றாகப் பிடித்து, சிலவற்றை மேலே தூக்கியும் சிலவற்றைக் கீழே தாழ்த்தியும் கிரஹாம் இந்த வடிவத்தை விளக்கியதாகச் சொல்லப்படுவது கட்டடக்கலை உலகில் பிரபலமான கதை.

கான் இங்கே ஒரு குழாயோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் சுமார் 23 மீட்டர் கொண்ட ஒன்பது சதுரக் குழாய்களை மூன்றுக்கு மூன்றாகக் கட்டாகச் சேர்த்தார். தனியாக நின்றால் ஒவ்வொன்றும் மெலிந்த குழாய். சேர்ந்து நின்றால் மலை போன்ற பலம். ஒன்பதும் ஒரே உயரத்துக்குப் போகவில்லை. 50ஆவது மாடியில் இரண்டு நின்றுவிட்டன. 66ஆவது மாடியில் இன்னும் இரண்டு. 90ஆவது மாடியில் மூன்று. எஞ்சிய இரண்டு மட்டும் உச்சி வரை சென்றன. இந்தப் படிக்கட்டு அமைப்பு அழகுக்காக மட்டும் வந்ததல்ல. கட்டடத்தின் வடிவம் மாறிக்கொண்டே போகும்போது, காற்று ஒரே சீரில் சுழன்று கட்டடத்தை ஆட்டுவது குறைகிறது.

1973ல் உச்சியை எட்டியபோது உயரம் 442 மீட்டர். எஃகின் அளவோ ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 161 கிலோதான். எம்பயர் ஸ்டேட்டைவிட 60 மீட்டர் அதிக உயரம், ஆனால் அதைவிடக் குறைந்த எஃகு. 1998ல் மலேசியாவின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டர் உயரத்தோடு முந்தும் வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் சியர்ஸ் டவருக்கே இருந்தது. 2009ல் அதன் பெயர் வில்லிஸ் டவர் என்று மாற்றப்பட்டது.

2009 ஜூன் மாதம் கெய்ரோவில் முஸ்லிம் உலகை நோக்கி உரையாற்றிய அமெரிக்க அதிபர் ஒபாமா, அமெரிக்க முஸ்லிம்களின் பங்களிப்புகளைப் பட்டியலிட்டபோது, அந்நாட்டின் மிக உயரமான கட்டடத்தைக் கட்டியதையும் சேர்த்துக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. அது யாரைக் குறித்தது என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும்.

1971: கட்டடம் எழும்போது எரிந்த நாடு

சியர்ஸ் டவர் எழத் தொடங்கிய காலத்தில்தான், 1971 மார்ச் மாதம், கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. கானின் உறவுகளும் நண்பர்களும் வாழ்ந்த டாக்கா எரிந்தது. இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக எல்லை தாண்டினார்கள்.

அப்போது கான் தன் துறையின் உச்சத்தில் இருந்தார். நிறுவனத்தின் பொதுப் பங்குதாரர்களில் ஒருவர். 1967லேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர். நமக்கு எதற்கு அரசியல் என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சிகாகோவில் இருந்த வங்காளிகளையும் அமெரிக்க நண்பர்களையும் திரட்டினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி சேர்க்க பங்களாதேஷ் அவசர நல நிதி அமைப்பை உருவாக்கினார். அமெரிக்க அரசியல்வாதிகளின் கவனத்தை ஈர்க்க இன்னொரு அமைப்பின் வழியாகவும் உழைத்தார்.

இது நமக்கு வலி தரும் வரலாறு. அநீதி இழைத்தவர்களும் முஸ்லிம்கள், அநீதிக்கு ஆளானவர்களில் பெரும்பாலோரும் முஸ்லிம்கள். தம்மைப் படிக்க வைக்க உதவித்தொகை தந்த அரசின் செயலையே எதிர்த்துக் கான் நிற்க வேண்டியிருந்தது. அநீதி செய்பவர் நம்மவரே ஆனாலும், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டும் என்பதே மார்க்கம் நமக்குச் சொல்லும் வழி. கான் அந்த வழியில் நின்றார். 1999ல் பங்களாதேஷ் அரசு தன் உயரிய சுதந்திர தின விருதை அவருக்கு, மறைவுக்குப் பின், வழங்கியது. அவர் படம் பொறித்த அஞ்சல்தலையும் வெளியானது.

உயரமான கட்டடமும் ஒரு கேள்வியும்

இந்த இடத்தில் நம் வாசகர்கள் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். மறுமை நாளின் அடையாளங்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, காலில் செருப்பும் உடலில் உடையும் இல்லாத ஆட்டிடையர்கள் உயரமான கட்டடங்கள் கட்டுவதில் போட்டி போடுவதை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அப்படியிருக்க, வானுயரக் கட்டடம் கட்டியவரை நாம் கொண்டாடலாமா?

நியாயமான கேள்வி. ஜித்தாவின் புதிய கோபுரத்தைப் பார்க்கும்போதும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஒன்று அடையாளமாகச் சொல்லப்பட்டது என்பதாலேயே அது தடுக்கப்பட்டதாகிவிடாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். எச்சரிக்கை, பெருமையடிப்பதையும் போட்டியையும் நோக்கியது. ஆனால் அந்த விளக்கத்தைக் காட்டி நாம் எளிதாகக் கடந்துவிடவும் கூடாது. யாருக்குப் பயன்படுகிறது, எவ்வளவு வீணாகிறது, யார் உழைப்பில் எழுகிறது என்று ஒவ்வொரு கோபுரத்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது. கீழே மக்கள் வெயிலில் நிற்க, மேலே வெறும் பெயருக்காக மாடிகள் ஏறுமானால், அது அந்த எச்சரிக்கைக்குள்தான் வரும்.

கானின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. உயரம் அவருடைய வாடிக்கையாளர்கள் கேட்டது. அவர் தேடியது சிக்கனம். உயரம் கூடும்போது காற்றுக்காக மட்டும் கூடுதலாகக் கொட்டப்படும் பொருளை, உயரத்துக்கு நாம் கட்டும் அபராதம் போல் அவர் கருதினார். அந்த அபராதத்தை எப்படிக் குறைப்பது என்பதே அவருடைய ஆய்வு. 20 மாடிக்கு எந்த முறை ஏற்றது, 50 மாடிக்கு எது, 100 மாடிக்கு எது என்று அட்டவணையே வகுத்துக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே முறையைத் திணிப்பது வீண்விரயம் என்பது அதன் பொருள். பொறியாளர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இஸ்ராஃப் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். இவர் அதைத் தன் தொழிலில் எடை போட்டுக் காட்டினார்.

தொழில்நுட்பம் தெரிந்தவன் அதிலேயே தொலைந்துவிடக் கூடாது, மனிதர்களை ரசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்து. வங்காளப் பாடல்களில், குறிப்பாகத் தாகூரின் பாடல்களில், அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. வேலை முடிந்த மாலைகளில் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலை மாணவர்களுக்கும் வழிகாட்டினார். ஹான்காக் கட்டடத்தின் எக்ஸ் வடிவக் கருத்து வளர்ந்ததும் அங்கே ஒரு மாணவரின் ஆய்வேட்டின் வழியாகத்தான்.

ஹாஜிகளுக்கு விரித்த நிழல்

இனி ஜித்தாவுக்கு வருவோம்.

1970களில் விமானத்தில் வரும் ஹாஜிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே இந்தக் கூட்டம். மற்ற மாதங்களில் அவ்வளவு பெரிய இடம் தேவையில்லை. வருபவர்கள் பல நாட்டவர், பல மொழியினர். முதியவர்கள் அதிகம். பலருக்கு அதுதான் வாழ்வின் முதல் விமானப் பயணம். சோதனைகள் முடிந்து, மக்காவுக்குப் பேருந்து கிடைக்கும் வரை பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். உட்கார, உறங்க, உண்ண, ஒளூ செய்ய, தொழ இடம் வேண்டும். வெளியே பாலைவன வெயில்.

இவ்வளவு பேருக்கும் சுவர் எழுப்பி, குளிர்சாதனம் பொருத்தி ஒரு மாளிகை கட்டினால், மின்சாரத்துக்கே பெரும் செல்வம் போகும். கானும், அவருடைய நிறுவனத்தின் மூத்த கட்டடக்கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்டும், அவர்களது குழுவினரும் வேறு வழியைத் தேர்ந்தார்கள். பாலைவனத்து மக்கள் காலங்காலமாக அறிந்த வழி அது. கூடாரம்.

45 மீட்டர் உயர எஃகுத் தூண்களை நட்டார்கள். அவற்றிலிருந்து கம்பி வடங்களால் துணிக் கூரைகளைத் தொங்கவிட்டார்கள். டெஃப்லான் பூசப்பட்ட கண்ணாடி இழைத் துணி. ஒவ்வொரு கூடாரமும் 45 மீட்டர் சதுரம். அப்படி 210 கூடாரங்கள். மொத்தம் 40 ஹெக்டேருக்கும் மேல், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் நிழல்.

துணியின் விளிம்பு தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் தொடங்கி, நடுவில் 33 மீட்டர் வரை கூம்பாக எழுகிறது. உச்சியில் திறப்பு உண்டு. சூடான காற்று மேலே ஏறி அந்தத் திறப்பு வழியே வெளியேறுகிறது. பக்கங்களில் சுவர் இல்லாததால் கீழே காற்று ஓடுகிறது. வெள்ளைத் துணி வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் வெளிச்சத்தை ஓரளவு உள்ளே விடுகிறது. அதனால் பகலில் விளக்குத் தேவையில்லை. குளிர்சாதனம் இல்லாமலேயே கூடாரத்தின் கீழ் வெளியை விடப் பெரிதும் இதமாக இருக்கும். ஒரே நேரத்தில் சுமார் 80,000 ஹாஜிகள் அங்கே தங்கலாம்.

1981ல் ஹஜ் முனையம் திறக்கப்பட்டது. துணியால் இவ்வளவு பெரிய நிரந்தரக் கூரை அமைக்க முடியும் என்பதை உலகம் அங்கேதான் கண்டது. 1983ல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. பின்னாளில் உலகின் பல விமான நிலையங்களும் விளையாட்டரங்குகளும் துணிக் கூரைகளைப் போட்டுக்கொண்டன.

442 மீட்டர் வரை எஃகை அடுக்கியவர், ஹாஜிகளுக்கு என்று வந்தபோது 33 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார். அங்கே தேவைப்பட்டது நிழல். நிழலுக்கு அவ்வளவு உயரம் போதும். உலகின் மிக உயரமான கட்டடத்தைவிட இந்தத் தாழ்ந்த கூடாரமே நம் உள்ளத்துக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இறுதி நாளும் விட்டுச்சென்றதும்

முனையம் திறந்த மறு ஆண்டு, 1982 மார்ச்சில், பயணத்தின் நடுவே ஜித்தாவில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 53ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உடல் சிகாகோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் வடிவமைத்த ஆன்டரி சென்டர் என்ற குடியிருப்புக் கட்டடம் 1986ல் முடிந்தபோது, அவர் நினைவுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. சியர்ஸ் டவரின் அடியில் ஒரு தெருச் சந்திப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகள் யாஸ்மின் சபினா கானும் கட்டமைப்புப் பொறியாளரானார். தந்தையின் பணிகளைப் பற்றி 2004ல் நூல் எழுதினார்.

2010ல் திறக்கப்பட்ட துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தது கான் பணியாற்றிய அதே நிறுவனம். அதில் மூன்று இறக்கைகள் நடுவிலுள்ள அறுகோணத் தண்டை முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. உயரம் ஏற ஏற வடிவம் குறைந்து, காற்றைக் குழப்புகிறது. அதன் கட்டடக்கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தான் பின்னர் தனி நிறுவனம் தொடங்கி, ஜித்தாவில் இப்போது எழும் கோபுரத்தையும் வடிவமைத்தவர். கானின் குழாய் அப்படியே அங்கே இல்லை. ஆனால் உயரத்தைப் பொருளை அள்ளிப் போட்டு வெல்ல முடியாது, வடிவத்தால்தான் வெல்ல முடியும் என்ற பாடம் அவருடையது.

ஒரு மனிதன் மரணித்துவிட்டால் மூன்று வழிகளைத் தவிர அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நிலைத்து நிற்கும் தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை. யாருடைய எண்ணத்தையும் கூலியையும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஹஜ் பருவத்திலும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வரும் ஒரு முதியவர், அந்த வெள்ளைக் கூடாரத்தின் கீழ் கால் நீட்டி அமர்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்வார். அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சிவில் இன்ஜினியரிங் படித்தால் வேலை கிடைக்குமா என்று கணக்குப் பார்க்கும் வீடுகளில், மகன் கொண்டு வரும் கணக்கை இன்னொரு வழியில் போட்டுப் பார் என்று சொன்ன அந்த டாக்கா வாத்தியாரின் கதையையும் ஒருமுறை சொல்லுங்கள். நம் வீட்டு மகனும் மகளும் எவ்வளவு உயரமாகக் கட்டுவார்கள் என்பதைவிட, யாருக்கு நிழலாகக் கட்டுவார்கள் என்பதே முக்கியம். எல்லாப் புகழும் இறைவனுக்கே.